சட்டை போனது, பாக்கெட்டும் போனது, கடிகாரம் மட்டும் போகவில்லை: காந்தியின் இடுப்பு வாட்ச் சொல்லும் வாழ்க்கைக் கதை

ஆமத்தூரில் எங்க வீட்டு பீரோவில் ஒரு பாக்கெட் வாட்ச் இருக்கு. தாத்தாவோடது. தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். வேட்டி மடிப்பில் செருகி வைத்திருந்த அந்த வாட்ச்சை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொரு வேலையையும் ஆரம்பிப்பாராம். அவர் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆச்சு. வாட்ச் நின்றும் அவ்வளவு காலம் ஆச்சு.

இப்போ பெரியப்பா மகன் அண்ணனுக்குக் கல்யாணம். அந்த வாட்ச்சை ரிஸ்ட் வாட்ச்சாக மாற்றிக் கையில் கட்டிக்கொண்டுதான் மணமேடையில் உட்காரணும்னு அண்ணனுக்கு ஆசை. பழைய பாக்கெட் வாட்ச்சை கைக்கடிகாரமாக மாற்றுவது இப்போ உலகம் முழுக்க ஒரு ட்ரெண்ட். மெக்கானிக் ஒருவரிடம் காட்டியபோது, மேலே இருக்கிற வளையத்தை அறுத்துவிட்டு இரண்டு பக்கமும் ஸ்ட்ராப் மாட்டக் காது வைத்துப் பற்றவைக்கலாம் என்றார். அப்பாவுக்கு அதில் சம்மதமே இல்லை. அப்பா வாட்ச்மேல அரத்தை வைக்க விடமாட்டேன்னு சொல்லிட்டார். வீட்டில் இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை.

இந்த மாதிரி ஒரு வாட்ச் உங்க வீட்டிலும் இருக்கலாம். மாற்றலாமா, கூடாதா? இதற்குப் பதில் தேடும்போது, பாக்கெட் வாட்ச்சோடு வாழ்நாள் முழுக்க இருந்த ஒருவரின் கதை கையில் சிக்கியது. நமக்கெல்லாம் தெரிந்தவர்தான். மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. அவருடைய வாழ்க்கையை அவர் கடிகாரத்தின் வழியாகப் பார்ப்போம்.

லண்டனில் ஒரு தங்கச் சங்கிலி

1869 அக்டோபர் 2-ல் போர்பந்தரில் பிறந்த காந்தி, 1888 செப்டம்பரில் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டனுக்குக் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு 19 வயதுகூட முடியவில்லை. குஜராத்தி இளைஞரை ஆங்கிலக் கனவானாக மாற்றும் முயற்சி அங்கே ஆரம்பித்தது. பாண்ட் ஸ்ட்ரீட்டில் 10 பவுண்டுக்கு மாலை நேர சூட் தைத்துக்கொண்டார். 19 ஷில்லிங்கில் உயரமான தொப்பி வாங்கினார். நடன வகுப்பில் சேர்ந்தார். வயலின்கூட வாங்கினார்.

இந்த வேஷத்தில் ஒரே ஒரு குறை. வெயிஸ்ட்கோட்டின் குறுக்கே தொங்கும் கடிகாரச் சங்கிலி இல்லை. அந்தக் காலத்தில் ஆண்கள் கடிகாரம் என்றால் பாக்கெட் வாட்ச் மட்டும்தான். வாட்ச் பாக்கெட்டுக்குள் மறைந்திருக்கும், வெளியே தெரிவது சங்கிலிதான். ஆளின் வசதியைச் சொல்வதும் அதுதான். காந்தி ஊரில் இருந்த அண்ணனுக்கு எழுதி, இரட்டைத் தங்கச் சங்கிலி ஒன்றை வரவழைத்தார். படிப்புக்காகக் கடன் பட்டிருந்த குடும்பம் அது. பின்னால் எழுதிய சுயசரிதையில் இந்த விஷயத்தை அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

சில மாதங்களில் அவருக்கே தெளிவு வந்தது. நடனம் போனது, வயலின் போனது. செலவை ஒவ்வொரு காசாக எழுதி வைக்க ஆரம்பித்தார். 1891 ஜூனில் பாரிஸ்டர் ஆகி ஊர் திரும்பினார். ஆனால் நேரத்தையும் காசையும் ஒரே மாதிரி கணக்குப் பார்க்கும் பழக்கம் மட்டும் கடைசிவரை விடவில்லை.

தென்னாப்பிரிக்கா: கைக்கு வந்த கடிகாரம்

1893-ல் ஒரு வழக்குக்காக தென்னாப்பிரிக்கா போனார். பீட்டர்மரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிடப்பட்ட சம்பவம் அந்த வருஷம்தான். ஒரு வருஷ வேலை என்று போனவர், இடையில் இந்தியா வந்து போனதைத் தவிர்த்தால், 21 வருஷம் அங்கேதான் இருந்தார்.

1899-ல் பிரிட்டிஷாருக்கும் போயர்களுக்கும் போர் மூண்டது. காந்தி சுமார் 1,100 பேரைக் கொண்ட இந்திய ஆம்புலன்ஸ் படையைத் திரட்டினார். அதில் பெரும்பான்மை ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்குக் கப்பலேறிய அந்தக் கூலிகளில் மிகப் பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாகப் போன தமிழர்களும் தெலுங்கர்களும். காயம்பட்ட சிப்பாய்களை டோலியில் சுமந்துகொண்டு ஒரு நாளைக்கு 20, 25 மைல் நடந்தார்கள். 1900 ஜனவரியில் ஸ்பியான் கோப் போர்க்களத்தில் குண்டு விழும் எல்லைக்குள்ளும் போய் வேலை பார்த்தார்கள்.

இதே போரில்தான் கடிகார வரலாற்றிலும் ஒரு திருப்பம் நடந்துகொண்டிருந்தது. குதிரை மேல் உட்கார்ந்தபடி, ஒரு கையில் கடிவாளம், இன்னொரு கையில் துப்பாக்கி. இந்த நிலையில் கோட்டைத் திறந்து பாக்கெட்டிலிருந்து வாட்ச்சை எடுத்து நேரம் பார்ப்பது எப்படி? பிரிட்டிஷ் அதிகாரிகள் ஒரு வழி வைத்திருந்தார்கள். கிண்ணம் மாதிரி தைத்த தோல் பட்டைக்குள் பாக்கெட் வாட்ச்சை அழுத்தி உட்கார வைத்து, அப்படியே மணிக்கட்டில் கட்டிக்கொண்டார்கள். 1880-களில் பர்மா போரிலேயே இது ஆரம்பித்துவிட்டது. போயர் போரில் பரவியது.

அதுவரை கைக்கடிகாரம் பெண்கள் அணியும் நகை. ஆண்கள் கட்டினால் கேலி செய்வார்கள். போர்க்களம் அந்தக் கேலியை அழித்தது. 1914-ல் முதல் உலகப் போர் வந்தபோது, சிறிய பாக்கெட் வாட்ச் கேஸ்களில் கம்பியை வளைத்துக் காதாகப் பற்றவைத்து ஸ்ட்ராப் மாட்டி விற்றார்கள். பதுங்குகுழி வாட்ச் என்று இன்று சேகரிப்பாளர்கள் தேடுவது இதைத்தான். ஆக, எங்க அண்ணன் கேட்கிற வேலை புது ட்ரெண்ட் கிடையாது. நூறு வருஷத்துக்கு மேல் பழசு.

திருப்பிக் கொடுத்த தங்க வாட்ச்கள்

1901-ல் காந்தி குடும்பம் இந்தியா திரும்ப முடிவு செய்தது. நேட்டால் இந்தியர்கள் பிரிவுபசார விழாக்களில் பரிசுகளைக் கொட்டினார்கள். தங்கச் சங்கிலிகள், தங்கக் கடிகாரங்கள், வைர மோதிரங்கள், கஸ்தூரிபாவுக்கு 50 கினி மதிப்புள்ள தங்க நெக்லஸ். லண்டனில் ஒரு சங்கிலிக்காக அண்ணனுக்கு எழுதியவருக்கு, 13 வருஷத்தில் கேட்காமலே இவ்வளவும் வந்து சேர்ந்தது.

அன்றைக்கு ராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லை. அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தார். பொதுச் சேவைக்குப் பரிசு வாங்கலாமா என்பது அவர் கேள்வி. விடிவதற்குள் முடிவு எடுத்துவிட்டார். எல்லாவற்றையும் ஒரு அறக்கட்டளைக்கு எழுதி வைத்து, பார்சி ரஸ்தம்ஜி உள்ளிட்டவர்களை அறங்காவலர்களாகப் போட்டுக் கடிதம் தயாரித்தார். முதலில் பிள்ளைகளைச் சம்மதிக்க வைத்தார். பிறகு கஸ்தூரிபாவிடம் போனார்.

கஸ்தூரிபா லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. நாளைக்கு மருமகள்கள் வரும்போது போட என்ன இருக்கும் என்று கேட்டார். நீங்க செய்த சேவையில் என் உழைப்பும் இருக்கே, இரவும் பகலும் வந்தவர்களுக்கெல்லாம் நான் செய்யவில்லையா என்றும் கேட்டார். அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்ததாக காந்தியே ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் முடிவை மாற்றவில்லை. நகைகள் வங்கிக்குப் போயின. ஒரு வீட்டுப் பொருளை என்ன செய்வது என்று ஒருவர் மட்டும் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் காட்சி போதும். எங்க வீட்டில் நடந்த சண்டைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பொருள் மேல் இருக்கும் பற்று பற்றி இன்னொரு சம்பவம். 1914 ஜூலையில் தென்னாப்பிரிக்காவை விட்டு இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது நண்பர் கட்டடக் கலைஞர் ஹெர்மன் காலன்பாக் கூட இருந்தார். அவரிடம் விலை உயர்ந்த பைனாகுலர்கள் இருந்தன. எளிமையாக வாழும் லட்சியத்துக்கு இது பொருந்துமா என்று இரண்டு பேருக்கும் தினம் விவாதம். கடைசியில் காலன்பாக்கின் சம்மதத்தோடு காந்தி அதைக் கடலில் வீசிவிட்டார்.

பைனாகுலரைக் கடலில் போட்டவர், வாட்ச்சை மட்டும் ஏன் வைத்திருந்தார்? இங்கேதான் விஷயமே இருக்கு.

மதுரை, 1921: பாக்கெட் காணாமல் போன நாள்

1915 ஜனவரி 9-ல் பம்பாயில் வந்து இறங்கிய காந்தி, முதலில் கத்தியவாரி உடையில்தான் இருந்தார். வேட்டி, நீள அங்கி, தலைப்பாகை. ஒத்துழையாமை இயக்கத்தின்போது அந்நியத் துணியை எரித்துவிட்டுக் கதர் உடுத்தச் சொல்லி ஊர் ஊராகப் போனார். கதர் வாங்கக் காசு இல்லையே என்று ஏழைகள் சொன்னது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

1921 செப்டம்பர் 22. மதுரை மேலமாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்தார். அன்று காலை தலையை மழித்துக்கொண்டு, சட்டையையும் தொப்பியையும் விட்டுவிட்டு, முழங்காலுக்கு மேல் நிற்கும் ஒரு முழத்துண்டோடு வெளியே வந்தார். சில வாரங்களுக்கு மட்டும் என்றுதான் முதலில் நினைத்தார். சாகும்வரை அதுவே உடை ஆனது. அந்த உடையில் அவர் முதலில் மக்கள் முன் தோன்றிய இடத்தை மதுரையில் இன்றும் காந்தி பொட்டல் என்கிறார்கள். ஆமத்தூரிலிருந்து விருதுநகர் போய் வடக்கே பஸ் ஏறினால் வந்துவிடும் ஊர்.

வரலாற்றுப் புத்தகங்கள் அந்தத் துணியைப் பற்றி நிறைய பேசுகின்றன. பாக்கெட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சட்டை போனால் பாக்கெட்டும் போச்சு. பாக்கெட் போனால் பாக்கெட் வாட்ச்சை எங்கே வைப்பது?

உலகம் முழுக்க இதற்கு அப்போது ஒரு பதில் தயாராக இருந்தது. கையில் கட்டிக்கொள். போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்கள் கைக்கடிகாரத்தோடுதான் திரும்பினார்கள். 1920-களில் கடைகளில் கைக்கடிகாரம் வேகமாக விற்றது. காந்தி அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு கயிறு, ஒரு ஊக்கு. வாட்ச்சை இடுப்புத் துணியில் மாட்டித் தொங்கவிட்டுக்கொண்டார். வாட்ச்சில் எந்த மாற்றமும் இல்லை. அறுக்கவில்லை, பற்றவைக்கவில்லை. கயிற்றை அவிழ்த்தால் பழையபடி அதே வாட்ச்.

அந்நிய வாட்ச் மட்டும் பரவாயில்லையா?

இந்தக் கேள்வி உங்களுக்கும் வந்திருக்கும். அந்நியத் துணியை எரிக்கச் சொன்னவர் இடுப்பில் தொங்கியது அந்நிய வாட்ச். அவரோடு சேர்த்துப் பேசப்படும் இரண்டு பெயர்கள் இங்கர்சாலும் ஜெனித்தும். இங்கர்சால் அமெரிக்க கம்பெனி. 1896-லிருந்து ஒரு டாலருக்கு வாட்ச் விற்றுப் பெயர் வாங்கியது. ஜெனித், 1865-ல் ஜார்ஜ் ஃபாவ்ர் ஜாக்கோ என்பவர் தொடங்கிய ஸ்விஸ் கம்பெனி.

காரணம் எளிமையானது. துணியை இந்தியக் கிராமம் நெய்ய முடியும். அதனால் அந்நியத் துணி இங்கே ஒரு நெசவாளியின் சோற்றைப் பறித்தது. வாட்ச்சை அப்போது இந்தியா செய்யவில்லை. பெங்களூரில் எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்தது 1961-ல்தான். 1909-ல் எழுதிய இந்திய சுயராஜ்யம் நூலில் இயந்திரங்களைக் கடுமையாகச் சாடிய காந்தி, பிற்காலத்தில் தையல் மிஷினைப் பயனுள்ள இயந்திரம் என்று ஏற்றுக்கொண்டார். ஆளின் வேலையைப் பறிக்காமல் ஆளுக்கு உதவினால் இயந்திரம் மேல் அவருக்குக் கோபம் இல்லை. வாட்ச் அந்த வகையில் சேர்ந்தது.

அவருக்கு வாட்ச் தேவைப்பட்டதும் உண்மை. சபர்மதி ஆசிரமத்தில் அதிகாலை 4 மணிக்கு மணி அடிக்கும். பிறகு பிரார்த்தனை. நூல் நூற்க, நடக்க, கடிதம் எழுத, பார்க்க வருபவர்களிடம் பேச, எல்லாவற்றுக்கும் நேரம் ஒதுக்கியிருந்தார். திங்கட்கிழமை மௌன விரதம். அவர் எழுதியதும் பேசியதும் தொகுக்கப்பட்டபோது ஆங்கிலத்தில் 100 தொகுதிகள் வந்தன. இத்தனை பயணம், சிறை, உண்ணாவிரதத்துக்கு நடுவில் அவ்வளவு எழுத ஒவ்வொரு நிமிஷத்தையும் பிடித்து வைக்க வேண்டியிருந்தது. 1930 மார்ச் 12 காலையில் 78 தொண்டர்களோடு சபர்மதியிலிருந்து கிளம்பி, 24 நாள் நடந்து, ஏப்ரல் 5-ல் தண்டி போய்ச் சேர்ந்ததும் திட்டமிட்ட கால அட்டவணைப்படிதான்.

மறுபடியும் லண்டன்

1931-ல் இரண்டாவது வட்டமேசை மாநாட்டுக்காக காந்தி லண்டன் போனார். கிழக்கு லண்டனில் தொழிலாளர்கள் வாழும் பகுதியில் கிங்ஸ்லி ஹாலில் தங்கினார். நவம்பர் 5-ல் பக்கிங்ஹாம் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தேநீர் விருந்து. அதே முழத்துண்டு, சால்வை, செருப்பு, இடுப்பில் தொங்கும் வாட்ச். அப்படியேதான் போனார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்க. இதே லண்டனில் 43 வருஷத்துக்கு முன்னால், கனவான் மாதிரி தெரியணும்னு தங்கச் சங்கிலி வரவழைத்த பையன் இவர். இப்போது சாதாரணக் கயிற்றில் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு மன்னர் முன்னால் நிற்கிறார். அன்று சங்கிலிதான் முக்கியம், வாட்ச் அதற்கு ஒரு சாக்கு. இன்று வாட்ச்சும் அது காட்டும் நேரமும்தான் முக்கியம். கயிறு எதுவாக இருந்தாலும் சரி.

திருடு போய்த் திரும்பி வந்த வாட்ச்

காந்தியிடம் இருந்த ஜெனித், வெள்ளி கேஸ் கொண்ட அலாரம் வாட்ச். நேருவின் மகள் இந்திரா கொடுத்த பரிசு. அதிகாலை எழும் ஒருவருக்கு அலாரம் வாட்ச்சைவிடப் பொருத்தமான பரிசு எது?

1947 மே மாதம் கான்பூர் ரயில் நிலையத்தில், கூட்ட நெரிசலில் அது திருடு போனது. பரிசுகளைத் திருப்பிக் கொடுத்தவர், பைனாகுலரைக் கடலில் போட்டவர், இந்த வாட்ச் போனதற்கு வருத்தப்பட்டார். ஏலப் பதிவுகள் சொல்லும் கதைப்படி, ஆறு மாதம் கழித்துத் திருடியவரே டெல்லிக்கு வந்து, மன்னிப்புக் கேட்டு வாட்ச்சைக் கையில் கொடுத்தார். பிரிவினை ரத்தம் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. யார் மேலும் யாருக்கும் நம்பிக்கை இல்லாத அந்த மாதங்களில் ஒரு திருடர் திரும்பி வந்தார்.

அந்த ஜெனித்தை காந்தி பின்னர் ஆபாவுக்குக் கொடுத்தார். ஆபா, காந்தியின் அண்ணன் வழிப் பேரன் கனுவின் மனைவி. கடைசி நாட்களில் காந்தி தோள் சாய்ந்து நடந்த இரண்டு பெண்களில் ஒருவர். இன்னொருவர் மனு.

தாமதமான பத்து நிமிஷம்

1948 ஜனவரி 30, வெள்ளிக்கிழமை. டெல்லி பிர்லா மாளிகை. மாலை 5 மணிக்குப் பிரார்த்தனைக் கூட்டம். 4 மணிக்கு சர்தார் பட்டேல் வந்தார். நேருவுக்கும் பட்டேலுக்கும் இடையே இருந்த மனவருத்தம் பற்றிய பேச்சு. நாட்டின் தலைமையே பிளந்துவிடுமோ என்ற கவலை. பேச்சு நீண்டது.

5 மணி தாண்டியது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கிட ஆபாவுக்குத் தயக்கம். ஆனால் நேரம் தவறினால் தாத்தா தாங்கமாட்டார் என்றும் தெரியும். அவருடைய நிக்கல் பூச்சு வாட்ச்சை எடுத்துக் கண்ணில் படும்படி நீட்டினார். அப்போதும் பேச்சு முடியவில்லை. ஒருவழியாக எழுந்து கிளம்பியபோது சுமார் 10 நிமிஷம் தாமதம். புல்வெளியில் வேகமாக நடந்துகொண்டே, நீங்கள்தானே என் கடிகாரங்கள், நீங்களே இப்படி விட்டுவிடலாமா என்கிற மாதிரி இரண்டு பெண்களையும் செல்லமாகக் கடிந்துகொண்டார். பிரார்த்தனைக்கு ஒரு நிமிஷம் தாமதமாவதும் தனக்குப் பிடிக்காது என்றார்.

சில அடிகள்தான். 5.17-க்கு மூன்று குண்டுகள். அவருக்கு வயது 78.

அன்று அவர் உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி மதுரை தமுக்கத்தில் உள்ள காந்தி அருங்காட்சியகத்தில் இருக்கு. சட்டையைக் கழற்றிய ஊருக்கே கடைசித் துணியும் வந்து சேர்ந்தது.

ஜெனித் வாட்ச் வேறு பாதையில் போனது. 2009 மார்ச்சில் நியூயார்க்கில் ஆன்டிகோரம் ஏல நிறுவனம் அதை ஏலம் விட்டது. மூக்குக் கண்ணாடி, செருப்பு, கிண்ணம், தட்டு எல்லாம் சேர்த்து ஒரே தொகுப்பு. இந்தியாவில் பெரிய எதிர்ப்பு. கடைசி நேரத்தில் பொருட்களின் உரிமையாளர் ஏலத்தை நிறுத்தப் பார்த்தும் நடக்கவில்லை. தொழிலதிபர் விஜய் மல்லையா 18 லட்சம் டாலருக்கு எடுத்தார். அந்த விலை வெள்ளிக்கோ ஸ்விஸ் மெஷினுக்கோ கொடுத்தது இல்லை. யாருடைய இடுப்பில் தொங்கியது என்பதற்குக் கொடுத்தது. யாராவது அதை அறுத்து நவீன கைக்கடிகாரமாக மாற்றியிருந்தால், விலை இருக்கட்டும், முதலில் அது காந்தியின் வாட்ச்சாக இருந்திருக்குமா?

சரி, நம்ம வீட்டு வாட்ச்சை என்ன செய்யலாம்?

மாற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

• அளவு: ஆண்கள் பாக்கெட் வாட்ச்சின் உள் மெஷின் மட்டுமே சுமார் 40 மி.மீ. விட்டத்தில், அதாவது குறுக்காக அளந்தால், இருக்கும். கேஸோடு சேர்த்தால் இன்னும் பெரிசு. மெலிந்த கைக்குத் தட்டு கட்டின மாதிரி தெரியும். பெண்களுக்காகச் செய்த சிறிய வாட்ச்கள்தான் பொருத்தம். ஆரம்பகாலக் கைக்கடிகாரங்களும் அந்தச் சிறிய மெஷின்களில்தான் உருவாகின.

• சாவி எந்தப் பக்கம்: மூடி இல்லாத பாக்கெட் வாட்ச்சில் சாவித் திருகு 12-க்கு மேலே, சின்ன செகண்ட் வட்டம் 6-ல் இருக்கும். திருகை 3-க்குக் கொண்டுவந்தால் செகண்ட் வட்டம் 9-க்குப் போய்விடும். மூடி போட்ட வாட்ச்சில் திருகு முதலிலேயே 3-ல் இருக்கும். மாற்ற எளிது.

• அடி தாங்காது: பழைய மெஷினில் பேலன்ஸ் வீலின் அச்சு முடி மாதிரி மெல்லிசு. அதிர்ச்சி தாங்கும் அமைப்புகள் பரவலானது 1930-களுக்குப் பிறகுதான். பாக்கெட்டில் பத்திரமாக இருக்கச் செய்ததைக் கையில் கட்டிக் கதவில் இடித்தால் முடிந்தது. வேர்வை, தூசி, மழை எதற்கும் பாதுகாப்பு இல்லை.

• டயல்: வெள்ளை டயல் பெரும்பாலும் செம்புத் தகட்டின் மேல் சுட்ட எனாமல். வளைத்தால் கோடு விழும். புதிதாகப் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீங்க. அசல் போனால் போனதுதான்.

• ரேடியம்: இருட்டில் தெரிகிற பழைய எண்கள் இருந்தால் கவனம். ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருஷம் ஆகும். ஒளி மங்கியிருந்தாலும் கதிர்வீச்சு இருக்கும். நீங்களே திறந்து சுரண்டிப் பார்க்கக் கூடாது.

• அறுக்காத வழிகள்: மெஷினை மட்டும் எடுத்து, அதற்கேற்ற புது கேஸில் வைக்கலாம். பழைய கேஸை அப்படியே பத்திரப்படுத்தி, வேண்டும்போது திரும்ப மாட்டலாம். இன்னொன்று, போயர் போரில் செய்த மாதிரி தோல் கிண்ணப் பட்டை. வாட்ச்சில் ஒரு கீறல்கூட விழாது.

எங்க வீட்டில் இந்தக் கடைசி வழிதான் சண்டையைத் தீர்த்தது. அறுக்க வேண்டாம் என்றதும் அப்பா இறங்கி வந்தார். கையில் கட்டலாம் என்றதும் அண்ணன் ஒத்துக்கொண்டான். முதலில் சர்வீஸ். உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாக இருந்தது, ஸ்பிரிங் நல்லா இருந்தது. பிறகு தோல் வேலை தெரிந்த ஒருவர் வாட்ச்சை அளந்து, கிண்ணம் மாதிரி பட்டை தைத்துக் கொடுத்தார். கை கொஞ்சம் கனமாகத்தான் இருக்கு. தட்டு கட்டின மாதிரியும் இருக்கு. அண்ணன் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

கல்யாணத்தன்று மட்டும் கட்டுவது, முடிந்ததும் பட்டையிலிருந்து எடுத்துப் பழையபடி பீரோவில் வைப்பது என்று ஒப்பந்தம். தினமும் ராத்திரி சாவி கொடுக்கிற பொறுப்பை அப்பா எடுத்துக்கொண்டார். ஒரு நாளைக்கு நாலு நிமிஷம் பிந்துகிறது. காலையில் பட்டாசு ஆலை வேன் வந்து ஹாரன் அடிக்கும்போது அதைப் பார்த்து நேரத்தைச் சரி பண்ணிக்கொள்கிறார்.